இரண்டும் சரி, இரண்டும் ஒன்றல்ல

அரூர்

அன்புள்ள கண்ணு,

தருமபுரி கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்த பிறகு நீ எழுதிய முதல் கடிதமே கிராமர் சந்தேகமாக வந்திருக்கிறது. ரிட்டயர் ஆனாலும் வாத்தியார் வேலை விடாது போலிருக்கிறது என்று உன் பெரியம்மா சிரிக்கிறாள்.

"இரண்டு வாக்கியமும் கிராமர்படி சரியாக இருந்தால், எதை எழுதினால் என்ன பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். சரியா தப்பா என்பது பரீட்சைக் கேள்வி. வக்கீல் கேட்க வேண்டியது வேறு. இந்த வாக்கியத்தைச் சொன்னவனுக்கு எவ்வளவு தெரியும்? இது யாரைக் கட்டுகிறது, யாரை அவிழ்த்துவிடுகிறது?

தொப்பூர் கணவாய் இருக்கிற மாவட்டத்தில் விபத்து வழக்குக்குப் பஞ்சமில்லை. அதையே எடுத்துக்கொள். சாட்சி 'ஐ சா ஹிம் க்ராஸ் த ரோடு' என்றால், அந்த ஆள் இந்தப் பக்கம் இறங்கியதிலிருந்து அந்தப் பக்கம் ஏறியது வரை முழுசாகப் பார்த்தான் என்று ஆகும். 'ஐ சா ஹிம் க்ராஸிங் த ரோடு' என்றால், நடுரோட்டில் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தான், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தானா என்பதற்கு அந்த வாக்கியம் பொறுப்பில்லை. லாரியில் அடிபட்டவனைப் பற்றி முதல் வாக்கியத்தை எழுதி வைத்தால், "ரோட்டைக் கடந்துவிட்டவன் எப்படி அடிபட்டான்?" என்று குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள். டிரைவர் 'ஸ்டாப்டு டு டிரிங்க்' என்றால் குடிப்பதற்காக வண்டியை நிறுத்தினான். 'ஸ்டாப்டு டிரிங்கிங்' என்றால் குடியையே விட்டுவிட்டான். வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நீயே பார்த்துக்கொள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர் கோர்ட்டில் சாட்சியம் தமிழில். அப்பீல் என்று ஹைகோர்ட்டுக்குப் போனால் ஆங்கிலம். "டிரைவர் மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும்" என்கிறார் ஒரு பெரியவர். மெதுவாகத்தான் ஓட்டியிருப்பான் என்று அவர் ஊகிக்கிறாரா? மெதுவாக ஓட்டாமல் போனானே என்று குறை சொல்கிறாரா? தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும். குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்', குறைக்கு 'ஷுட் ஹேவ்'. முதலாவது டிரைவரைக் காப்பாற்றும், இரண்டாவது மாட்டிவிடும். காகிதத்தில் குரல் கேட்காது. முன்னும் பின்னும் அவர் என்ன சொன்னார் என்று படித்துப் பார்க்காமல் கை போன போக்கில் ஒன்றைப் போட்டுவிடாதே.

இதெல்லாம் வாத்தியார் புத்தி என்று நினைத்தால், நம் மாநிலத்தின் சரித்திரத்தைப் பார். 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, 1965-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடரலாம் என்ற இடத்தில் 'மே' என்று எழுதியிருந்தார்கள். தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்று தி.மு.க. எதிர்த்தது, ராஜ்யசபாவில் இருந்த அண்ணாவும் எதிர்த்தார். அந்த இடத்தில் 'மே'க்கும் கட்டாயத்தைச் சொல்லும் 'ஷல்'லுக்கும் பொருள் ஒன்றே என்றார் நேரு. அப்படியானால் 'ஷல்' என்றே போடுவதில் என்ன தடை என்று கேட்டார்கள். மசோதா மாறவில்லை. 1964-ல் நேரு மறைந்தார். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், சட்டத்தில் இருந்த 'மே' அப்படியே இருந்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு எப்படிப் பற்றி எரிந்தது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த 1967-ம் வருஷத் திருத்தச் சட்டத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு வைத்துக்கொள்ளும் தொடர்புக்கு 'ஷல்' வந்து உட்கார்ந்தது. அந்த மாநிலச் சட்டசபைகள் எல்லாம் தீர்மானம் போடாமல் ஆங்கிலத்தை நிறுத்த முடியாது என்பதும் அதில் சேர்ந்தது.

சூழ்நிலையைப் பார்த்து 'மே'யை 'ஷல்'லாக கோர்ட்டு படித்ததும் உண்டு. உன் சீனியர் அதைச் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால், யாரோ ஒரு நீதிபதி பின்னால் சரியாகப் படித்துக்கொள்வார் என்று நம்பி ஒருவன் வீட்டையோ காட்டையோ அடமானம் வைக்கலாமா? வாடகைப் பத்திரமோ கிரைய ஒப்பந்தமோ, எழுதி முடித்ததும் எதிர்க்கட்சி வக்கீலாக உட்கார்ந்து ஒரு தடவை படி. எந்த வார்த்தையில் நழுவலாம் என்று தேடு. கிடைத்தால் அங்கே திருத்து.

சீனியரோடு வாதத்துக்குப் போகாதே. எதிர்த்தரப்பாரோடும் வேண்டாம். "இரண்டும் ஒன்றுதானேம்மா" என்று யார் சொன்னாலும், "அப்படியானால் இதையே போட்டுவிடட்டுங்களா?" என்று மரியாதையாகக் கேள். உடனே தலையாட்டினால் உண்மையிலேயே ஒன்றுதான். கொஞ்சம் தயங்கினால், வித்தியாசம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே.

அன்புடன்,
பெரியப்பா