வேகம் எங்கே போய் இறங்குகிறது?

வேகமாகக் கிட்டார் வாசிப்பவர்களைப் பற்றி, "விரல் ஓடுது, ஆனா மனசுல நிக்கல" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அதனால் வேகமே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல வருடம் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் எனக்குத் தெளிவானது ஒன்று: ஒரு ஓட்டம் நல்லதா இல்லையா என்பதை, அது கடைசியில் எந்த ஸ்வரத்தில், எந்த பீட்டில் வந்து இறங்குகிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

எடி வான் ஹேலனின் கிட்டார் சோலோ 'இரப்ஷன்' 1978இல் வந்தது. முழுதாக இரண்டு நிமிடம்கூட ஓடாது. பலரும் அதன் கடைசியில் வரும் இரு கை டாப்பிங்கை மட்டும் பழகிக்கொள்கிறார்கள். அந்தப் பகுதி ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு நகர்ந்துகொண்டே இருப்பதைக் கவனித்துக் கேளுங்கள். எத்தனை ஸ்வரம் கொட்டினாலும் காது அந்த நகர்வைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் வரும் ஓட்டங்களுக்கு நடுவே அவர் மூச்சுவிட இடமும் தருகிறார். இங்வே மால்ம்ஸ்டீனின் 'ரைசிங் ஃபோர்ஸ்' (1984) ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: சரசரவென்று இறங்கி வந்து ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, அகலமாக வைப்ரேட்டோ கொடுப்பார். முன்னால் போன வேகத்துக்குப் பொருள் சேர்ப்பது அந்த நீண்ட ஸ்வரம்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழிகள் இவை.

ஐந்து ஸ்வரத்தில் தொடங்குங்கள். மெட்ரோனோமை 120இல் வைத்து பீட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் விநாடிக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.125 விநாடி. இடது விரல் அழுத்துவதும் வலது கையின் பிக் படுவதும் இதற்குள் கொஞ்சம் விலகினாலும் ஸ்வரம் மழுங்கிவிடும். பெரும்பாலானவர்களின் சிக்கல் இரண்டு கையும் சேரும் இந்த இடத்தில்தான். மெதுவாக வாசிக்கும்போது கை அசையும் விதமும் வேகத்தில் அசையும் விதமும் வேறு. மெதுவான பயிற்சி மட்டும் போதாது. நான்கு ஸ்வரத்தை முழு வேகத்தில் வாசித்து, ஐந்தாவதை அடுத்த பீட்டில் போட்டு நிறுத்துங்கள். முன்கை இறுகினால் உடனே விட்டுவிடுங்கள். ஐந்தாவது ஸ்வரம் தவறாமல் பீட்டில் விழத் தொடங்கியதும் ஒன்பதாக நீட்டலாம்.

வாயால் சொல்லிப் பாருங்கள். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 'சக்தி' குழுவில் எல். சங்கரின் வயலினோடு அவர் சேர்ந்து வாசிக்கும் அதிவேகச் சங்கதிகள் ஜாகிர் உசேனின் தபலாவோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ஒரே புள்ளியில் வந்து முடிவதைக் கேட்டிருப்பீர்கள். தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்கு, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து மெக்லாஃப்லின் ஒரு பாடத் தொகுப்பே வெளியிட்டார். கிட்டாரில் ஸ்கேலை ஒரு ஸ்ட்ரிங்குக்கு மூன்று ஸ்வரமாக வாசிப்பது வழக்கம். பீட்டுக்கோ நான்கு ஸ்வரம். ஸ்ட்ரிங் மாறும் இடத்தில் கை தானாக அழுத்தம் கொடுக்க, தாளம் நழுவுகிறது. 'தகதிமி' என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள். அழுத்தம் 'த'வில் மட்டும் விழட்டும்.

டிஸ்டார்ஷனை அணைத்தும் போட்டும் கேளுங்கள். டிஸ்டார்ஷன் மெல்லிய ஸ்வரத்தையும் பலத்த ஸ்வரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடும். அணைத்தால் எந்த ஸ்வரம் தேய்ந்தது என்பது தெரியும். அதே டிஸ்டார்ஷன், வாசிக்காத ஸ்ட்ரிங்குகளின் இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். உள்ளங்கை ஓரத்தாலும் இடது விரல்களாலும் அவற்றை அடக்கத் தெரிகிறதா என்று பார்க்க, அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். அப்போதும் அது ஒரு மெட்டாகக் கேட்கிறதா? ஒரே ஸ்கேலை ஏறி இறங்கியதாக மட்டும் கேட்டால், அதில் வேகத்தைத் தவிர எதுவும் இல்லை.

எந்த உத்தி என்பது அவ்வளவு முக்கியமில்லை. 1980 டிசம்பர் 5 அன்று சான்பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் தியேட்டரில் பாக்கோ டி லூசியா ஃபிளமெங்கோ முறையில் விரல்களாலும், ஆல் டி மியோலா பிக்காலும் வாசித்தார்கள். மெக்லாஃப்லினும் அந்த மேடையில் இருந்தார். 'ஃப்ரைடே நைட் இன் சான்பிரான்சிஸ்கோ' ஆல்பத்தில் கேளுங்கள்: கை வேறு, ஓசை வேறு, ஆனால் டி லூசியா, டி மியோலா இருவரின் ஸ்வரங்களும் தனித்தனியாகத் துலங்குகின்றன.

உங்கள் அடுத்த சோலோவைப் பின்னாலிருந்து அமையுங்கள். இறங்க வேண்டிய ஸ்வரத்தை முதலில் முடிவு செய்து, பின்னணியில் ஓடும் கார்டோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். அதை மட்டும் சரியான பீட்டில், நல்ல வைப்ரேட்டோவோடு வாசித்துப் பழகுங்கள். அதன் பிறகு அதற்கு முன்னால் ஓட்டத்தைச் சேருங்கள். மெட்ரோனோமைக் கூட்டிய பிறகும் அந்த ஸ்வரம் இடம் மாறாமல் இருந்தால், அந்த வேகம் உங்களுக்குக் கைவந்துவிட்டது.