ரொட்டி சுட்டுக் கொடுத்த பெண்கள்



போன மாதம் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் மூத்த மகள் விளையாட்டாக என் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று சீப்பை நிறுத்தி, "உம்மா, உங்களுக்கு ரெண்டு முடி வாப்பும்மா முடி மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு வயது 33. பிள்ளைகள் இருவர், ஒருத்திக்கு ஏழு வயது, சின்னவனுக்கு இரண்டு. கணவர் தம்மாமில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். வீட்டில் முழங்கால் வலியோடு மாமி இருக்கிறார்கள். அடுத்த தெருவில் என் உம்மா. ஃபஜ்ருக்கு எழுந்தால் இஷா வரை பசியாற, பள்ளிக்கூடம், சோறு, ஆணம், துவைப்பு, மதரஸா என்று பொழுது போய்விடும்.

அந்த இரண்டு நரைமுடி என்னை வருத்தவில்லை. வேறொன்றுதான் வருத்தியது. இந்த ஏழு ஆண்டுகளில் யாரிடமாவது மனம்விட்டுப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, மதரஸாவில் படித்த அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன். சிறுமியாக இருந்தபோது, இடுப்புக் கச்சையைக் கிழித்து ஹிஜ்ரத் பயணத்தின் உணவுப் பையைக் கட்டிய வீரப் பெண்ணாக மட்டுமே அவர்களை அறிந்திருந்தேன். இப்போது ஓர் இளம் தாயாகப் படித்தபோது வேறோர் அஸ்மாவைக் கண்டேன். அதையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

கொட்டைக் கூடையும் தோல் வாளியும்

அஸ்மா (ரலி) ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தபோது, அவரிடம் ஒரு குதிரையும் தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு சொத்து எதுவும் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனாவுக்குப் பயணம் செய்து, குபாவில் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் முஹாஜிர்களின் வீட்டில் பிறந்த முதல் குழந்தை அது. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அந்தக் குழந்தையின் வாயில் தடவி துஆச் செய்தார்கள்.

மதீனாவில் அவர்களது அன்றாட வாழ்க்கையை அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரீயில் அது பதிவாகியுள்ளது. குதிரைக்குத் தீனி வைப்பது, தண்ணீர் இறைப்பது, கிழிந்த தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அவர்கள் வேலை. கணவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கித் தந்திருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். அந்த நிலம் இருந்த தூரம் ஒரு ஃபர்ஸகில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய கணக்கில் மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அவர்கள். மக்காவில் வசதியான வணிகரின் வீட்டில் வளர்ந்தவர்கள். சொந்த ஊரை விட்டு வந்து, கைக்குழந்தையோடு இந்த வேலைகளைச் செய்தார்கள். "நான் மட்டும்தான் இப்படிக் கஷ்டப்படுகிறேன்" என்று அடுப்படியில் நின்று அழுத என்னைப் போன்றவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

'எனக்கு அது வராது'

இந்த வரலாற்றில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. மாவு பிசைவேன், ஆனால் எனக்கு ரொட்டி நன்றாகச் சுட வராது என்று அஸ்மா (ரலி) சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்ஸாரிப் பெண்கள் அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பார்களாம். அந்தப் பெண்கள் உண்மையான தோழிகள் என்றும் புகழ்ந்து சொல்கிறார்கள்.

அவர்கள் இதை யாரிடம் சொன்னார்கள் தெரியுமா? இந்தச் செய்தியை அறிவிப்பவர் அவர்களின் மகன் உர்வா. அவர் ஹிஜ்ரத் நடந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு பிறந்தவர். அப்படியென்றால், அஸ்மா (ரலி) மூதாட்டியான பிறகும் அந்த ரொட்டியை மறக்கவில்லை. எத்தனையோ பெரிய நிகழ்ச்சிகளைக் கண்ட கண்கள், பக்கத்து வீட்டுப் பெண்களின் உதவியையும் கண்ணுக்குள் வைத்திருந்தன. அந்தப் பெண்களின் பெயர்கள் அந்த அறிவிப்பில் இல்லை. அவர்கள் சுட்ட ரொட்டி மட்டும் இருக்கிறது.

நம்மில் எத்தனை பேர் "எனக்கு இது வராது, கொஞ்சம் வந்து செய்து தாயேன்" என்று வாய்விட்டுக் கேட்கிறோம்? கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்று பயப்படுகிறோம். பேறுகாலம் முடிந்து 40 நாள் கழிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக வீட்டாரும் நினைக்கிறார்கள். ஒரு தாய் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமின்றி அழுகிறாள், குழந்தை தூங்கியும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால் அது சோம்பலும் அல்ல, ஈமானின் குறையும் அல்ல. கண்ணேறு என்று சொல்லி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

வீட்டு ஆண்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. கொட்டைக் கூடையைச் சுமந்து வந்த வழியில் நபி (ஸல்) அவர்கள் அஸ்மாவைக் கண்டு, தம் ஒட்டகத்தில் ஏற்றிக்கொள்ள முன்வந்தார்கள். உடன் ஆண்கள் இருந்ததால் அஸ்மா (ரலி) வெட்கப்பட்டுத் தயங்கினார்கள்; நபியவர்களும் புரிந்துகொண்டு சென்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, ஒட்டகத்தில் ஏறி வருவதைவிட நீ கொட்டை சுமப்பதே எனக்கு வேதனையாக இருக்கிறது என்ற பொருள்பட ஸுபைர் (ரலி) சொன்னார்கள். பிறகு அபூபக்ர் (ரலி) ஒரு பணியாளரை அனுப்பி, குதிரையைப் பராமரிக்கும் வேலையை மகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தமக்கு விடுதலையே கிடைத்தது போலிருந்தது என்கிறார்கள் அஸ்மா (ரலி). வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் போதும் என்று நினைக்கும் கணவர்களே, வாப்பாமார்களே, உங்கள் வீட்டுப் பெண் எந்தக் கூடையைச் சுமக்கிறாள் என்று இன்று ஒருமுறை கேளுங்கள்.

ஐந்தாம் நாள்

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

மதரஸாவில் அலிஃப், பே ஓதிய காலத்திலிருந்தே எனக்கு ஒரு தோழி உண்டு. என் முதல் பேறுகாலத்தில் 40 நாளும் அஸருக்குப் பிறகு வருவாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "நீ போய்க் குளி, தூங்கு, நான் பார்த்துக்கிறேன்" என்பாள். சில நாள் சுறாப்புட்டு கொண்டு வருவாள். அவள்தான் எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள்.

சென்ற ஆண்டு அவளுடைய உம்மா மௌத்தாகிவிட்டார்கள். அன்று என் மகனுக்குக் கடும் காய்ச்சல், போக முடியவில்லை. கைப்பேசியில் இன்னாலில்லாஹி என்று செய்தி அனுப்பினேன். காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. அதன்பின் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். இரண்டு மாதம் ஆனதும், இனி எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம் வந்துவிட்டது. எட்டு மாதம் கடந்துவிட்டது.

அஸ்மா (ரலி) அவர்களின் வரலாற்றைப் படித்த மறுநாள், சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். அவள் சொன்னாள்:

"நீ வரலைன்னு கோவம் இல்லடி. முதல் நாலு நாள் வீடு நிறைய ஆளு. அஞ்சாம் நாள்லேருந்து யாருமில்ல. அப்ப நீ வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

சகோதரிகளே, அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மையித் வீட்டுக்குப் போவதை ஒரு கடமையாக முதல் நாளே முடித்துவிடுகிறோம். துக்கம் ஐந்தாம் நாளில்தான் தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், நபி (ஸல்) அவர்கள் ஆட்டை அறுத்தால் கதீஜாவின் தோழிகளுக்கு அதில் ஒரு பங்கை அனுப்பி வைப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நட்புக்குக் காலக்கெடு இல்லை. தாமதமாகிவிட்டது என்பது போகாமல் இருப்பதற்குக் காரணமும் இல்லை.

முதியவரின் கையைப் பிடித்து

என் மாமி ஒரே கேள்வியை ஒரே நாளில் நான்கு முறை கேட்பார்கள்: "தம்பி பேசினானா?" நான்காம் முறை நான் சில நேரம் எரிந்து விழுவதுண்டு. அப்போது அவர்கள் பேசாமல் தஸ்பீஹை எடுத்துக்கொள்வார்கள். அந்த மௌனம் என்னைப் பிறகு தூங்கவிடாது.

ஹிஜ்ரத்தின்போது அபூபக்ர் (ரலி) கையிலிருந்த பணம் முழுவதையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவர்களின் தந்தை அபூ குஹாஃபா வயது முதிர்ந்தவர், பார்வை இழந்தவர், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராதவர். மகன் பிள்ளைகளைக் கைவிட்டுப் போய்விட்டானோ என்று கலங்கி வந்தார். அஸ்மா (ரலி) பணம் வைக்கும் மாடத்தில் கற்களை வைத்து, மேலே துணியைப் போட்டு, பாட்டனாரின் கையைப் பிடித்துத் தொடச் செய்தார்கள். முதியவர் மனம் அமைதியடைந்தார். வீட்டில் உண்மையில் ஒன்றும் இல்லை. இதை வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார்.

முதியவர்கள் கேட்பது பல நேரங்களில் விவரம் அல்ல, ஆறுதல். "தம்பி பேசினானா?" என்றால், "நான் தனியாக இல்லையே?" என்று பொருள். இப்போது நான்காம் முறையும் "பேசினாங்க மாமி, உங்களைத்தான் கேட்டாங்க" என்கிறேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, மாமியைக் கேளுங்கள் என்று கணவரிடம் தினமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நரைமுடி சொல்வது

அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் ஒரு மனித வாழ்க்கையையே அடக்கியது. தாய் சிரமத்தோடு சுமந்ததும், சுமத்தலும் பால்குடி மறத்தலும் சேர்ந்த முப்பது மாதமும், நாற்பது வயதை அடைவதும், பெற்றோருக்குச் செய்த அருளுக்கு நன்றி கூறுவதும், பிள்ளைகள் நல்லவர்களாக வேண்டும் என்று கேட்பதும் அதில் வருகின்றன. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்கும் நமக்காகவே இறங்கியது போல எனக்குத் தோன்றும்.

அஸ்மா (ரலி) ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது; ஆனால் அறிவு தடுமாறவில்லை. காய்ச்சல் கண்ட பெண்களை அவர்களிடம் கொண்டு வந்தால், நெஞ்சில் தண்ணீர் ஊற்றித் துஆச் செய்வார்கள் என்று பேத்தி ஃபாத்திமா பின்த் முன்திர் அறிவிக்கிறார்கள். வாலிபத்தில் அண்டை வீட்டாரின் உதவியைப் பெற்றவர்கள், முதுமையில் ஊர்ப் பெண்கள் தேடி வரும் இடமாக இருந்தார்கள். ஹிஜ்ரி 73இல் மகன் அப்துல்லாஹ் (ரலி) மக்காவில் கொல்லப்பட்டபோதும், ஆளுநர் ஹஜ்ஜாஜின் முன் தலைகுனியாமல் பேசினார்கள். அந்த உறுதி நூறு வயதில் திடீரென்று வந்ததன்று. கொட்டைக் கூடையைச் சுமந்த நாளிலேயே வந்தது.

நம் முதுமையும் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது. இன்று யாரைத் தேடிப் போகிறோமோ, யாருடைய கையைப் பிடிக்கிறோமோ, அதுவே நாளைக்கு நம் வீட்டின் வழக்கமாகும். என் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. உங்கள் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாய்க்கு ஒரு நேரச் சாப்பாடு கொண்டு போங்கள். அரைமணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள்.

2. இவ்வாண்டு மௌத் நடந்த ஒரு வீட்டுக்கு, கூட்டம் கலைந்த பிறகு ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

3. வெட்கத்தால் விட்டுப்போன ஒரு தோழியை நேரில் சென்று பாருங்கள். காரணம் தயார் செய்ய வேண்டாம்.

4. உங்களால் முடியாத ஒரு வேலைக்கு ஒருவரிடம் உதவி கேளுங்கள்.

வீட்டில் கூடிப் பேச

உங்களுக்கு 'ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்' யார்? அவர் இப்போது எப்படி இருக்கிறார்? அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

இப்போது வியாழன்தோறும் அஸருக்குப் பிறகு என் தோழி வீட்டுக்குப் போகிறேன். பெரும்பாலும் ஒன்றும் விசேஷமாகப் பேசுவதில்லை. அவள் தேநீர் போடுவாள். பிள்ளைகள் முற்றத்தில் சண்டை போடுவார்கள். மஃரிப் பாங்கு சொன்னதும் எழுந்து வருவோம்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அருள் செய்வாயாக. எங்களுக்கு நல்ல தோழிகளைத் தருவாயாக. எங்களையும் நல்ல தோழிகளாக ஆக்குவாயாக. ஆமீன்.