வங்கியின் பெயரில் வரும் தூண்டில்

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் ஆவலுடன் பயன்படுத்தத் தொடங்கும் வசதி நெட் பேங்கிங். வரிசையில் நிற்காமல் கரண்ட் பில் கட்டலாம். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்பலாம். இந்த வசதியைக் குறி வைத்து நடக்கும் மோசடிக்கு "பிஷ்ஷிங்' என்று பெயர். மீனுக்குத் தூண்டில் போடும் வேலைதான்.

எப்படி நடக்கிறது?

"உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது. இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் அக்கவுண்ட் முடக்கப்படும்' என்று இமெயில் அல்லது எஸ்.எம்.எஸ். வரும். அதில் உள்ள லிங்க்கில் கிளிக் செய்தால், வங்கியின் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். அங்கு நீங்கள் தரும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் மோசடிக்காரருக்குப் போகும். அவர் உடனே உண்மையான தளத்தில் அவற்றைக் கொடுத்துப் பணம் எடுக்க முயல்வார். அப்போது உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அதை அனுப்புவது உண்மையிலேயே உங்கள் வங்கிதான். எனவே சந்தேகம் எழாமல், அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் டைப் செய்துவிடுகிறோம். ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல், எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்பதையும் படித்திடுங்கள்.

முகவரியைப் படிப்பது எப்படி?

பிரவுசரின் முகவரிக் கட்டத்தில், முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னால் உள்ள பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. "நம்வங்கி.பேங்க்.இன்' என்பது வங்கியின் முகவரி. "நம்வங்கி.பேங்க்.இன்.அப்டேட்.காம்' என்பது "அப்டேட்.காம்' வைத்திருப்பவரின் முகவரி. முன்னால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். முடிவில் இருப்பதே உரிமையாளரைக் காட்டும்.

பூட்டுப் படம் இருந்தால் போதும் என நம்ப வேண்டாம். தகவல் இடையில் படிக்கப்படாது என்பதைத்தான் அது காட்டும். போலித் தளங்களும் அதைப் பெறலாம்.

பின்பற்ற வேண்டியவை

1. வங்கித் தளத்தை லிங்க் வழியாகத் திறக்காமல், முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள்.

2. வங்கிக்கென்று தனி பாஸ்வேர்ட் வைத்திடுங்கள். பிரவுசிங் சென்டரில் நெட் பேங்கிங் வேண்டாம்.

3. கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாமல், ஏ.டி.எம். கார்டின் பின்புறம் பார்த்து எடுத்திடுங்கள்.

4. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். வங்கியை அழைத்துக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லி, புகார் எண் பெற்றிடுங்கள். அடுத்து 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்திடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் தடுக்க முடிந்தால்தான் அதை மீட்கும் வாய்ப்பு அதிகம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ல் வெளியிட்ட விதிகள் இதில் முக்கியமானவை. பாஸ்வேர்டை நாமே கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது என்கின்றன அவை. எனவே புகார் செய்த நேரத்தையும் மறக்காமல் குறித்து வைத்திடுங்கள்.