பிரிட்டனை விட்டு ஊர் திரும்புகிறீர்களா? கூடுதலாகப் பிடித்த வரியைக் கேட்டு வாங்குங்கள்



வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் வெளிநாட்டில் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும் என்பதே நம் குடும்பங்களில் பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் மாதாமாதம் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். வரி ஆண்டின் நடுவில் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு, அதில் ஒரு பகுதி திரும்ப வரவேண்டியிருக்கும். நாம் கேட்டால்தான் அது விரைவாக நம் கைக்கு வரும்.

எப்படி மிச்சமாகிறது?

அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது. ஓர் ஆண்டில் 12,570 பவுண்டு வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. இந்தச் சலுகையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்தே ஒவ்வொரு மாதமும் கணக்கிடுகிறார்கள்.

மாதம் 2,400 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒருவர் ஏழு மாதம் வேலை செய்து, அக்டோபர் முடிவில் ஊர் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் பிடித்த வரி சுமார் 1,893 பவுண்டு. மொத்தச் சம்பளம் 16,800. அதில் 12,570 போக மீதி 4,230. அதற்கு 20 சதவீத வரி 846 பவுண்டுதான். மீதமுள்ள சுமார் 1,047 பவுண்டு அவருடைய பணம். நம் ரூபாயில் ஒரு லட்சத்துக்கும் மேல்!

செய்ய வேண்டியவை

1. வேலையை விடும்போது முதலாளி தரும் பி-45 படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தால் வேறு பி-45 கிடைக்காது.

2. வரித்துறைக்கு பி-85 படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். பி-45-இன் 2, 3-ஆம் பகுதிகள் அதற்குத் தேவை. 1ஏ பகுதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அங்குள்ள வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். பவுண்டு காசோலையை இங்கே மாற்றுவது சிரமம்.

4. சொந்தத் தொழில் செய்தவர்களும் வீட்டு வாடகை வாங்குபவர்களும் பி-85-க்குப் பதிலாக ஆண்டு வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

முன்பே திரும்பி வந்தவர்களுக்கு

வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை கேட்கலாம். 2025-26-க்கான பணத்தை 2030 ஏப்ரல் 5-க்குள் கேட்க வேண்டும். பகுதி நேர வேலை செய்த மாணவர்களும் தங்கள் சம்பளச் சீட்டுகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கவனம்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கமிஷன் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. "உங்களுக்கு வரிப்பணம் வந்திருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்தி மோசடி. 'நேஷனல் இன்சூரன்ஸ்' என்று பிடித்த தொகை ஊர் திரும்புவதால் திரும்பக் கிடைக்காது. அதையும் பெற்றுத் தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

திரும்பிவரும் தேதியையும் வருமானத்தையும் உள்ளபடியே எழுதுங்கள். பொய் சொல்லிப் பெறும் பணம் நமக்கு ஹலால் ஆகாது. உழைத்த பணத்தில் நமக்குரிய ஹக்கைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமும் வேண்டாம்.

பிரிட்டனில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர், இந்த விவரத்தை இன்றே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.