பெட்டியின் பின் லைற் எரியவில்லையா?

நெல் மூடைகளோடு இருட்டிய பின் வீதியில் ஏறும் உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின் லைற் இல்லையென்றால், பின்னால் வரும் பஸ் சாரதிக்கு அது கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

நெடுநாள் மழையில் நின்ற பெட்டியில் மின்குமிழை மாற்றுவதற்கு முன் எர்த் தொடுப்பைப் பாருங்கள். சிக்னல் போடும்போது பின் லைற்றும் சேர்ந்து மினுங்கினால், பிரேக் மிதிக்கும்போது வெளிச்சம் மங்கினால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பற்றரியின் நெகற்றிவ் முனையிலிருந்து ஒரு நீள வயரை எடுத்து, பெட்டிச் சட்டத்தில் துருச் சுரண்டிய இடத்தில் தொடுங்கள். லைற் பளிச்சென்று எரிந்தால் எர்த் வயரைப் புதிதாக இறுக்குங்கள். இழுவைக் கொழுக்கி வழியாக மின்சாரம் திரும்பும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பிரேக் லைற் மட்டும் ஒரு பக்கம் எரியாவிட்டால் குமிழின் 21 வாற் இழை அறுந்திருக்கலாம். இரு பக்கமும் எரியாவிட்டால் பெடல் சுவிச். எதுவுமே எரியாவிட்டால் பியூஸ், பிறகு பிளக். பியூசுக்குப் பதிலாகச் சிகரெற் ஈயத்தாள் சுற்றாதீர்கள். வயர் சூடேறித் தீப்பிடித்தால் மேலே இருப்பது வைக்கோல்.

இன்றைக்கே திருத்த முடியாவிட்டால், பின்பலகையின் இரு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி, பொழுதுபட முன் வீடு திரும்பிவிடுங்கள்.