வேதாளத்தைச் சுமந்த தூரிகை

ஓவியக் கண்காட்சி என்றதும் பெரிய கூடமும் சட்டமிட்ட படங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தமிழ்ச் சிறுவர்க்குத் திங்கள்தோறும் ஒரு கண்காட்சி வீடு தேடி வந்தது. அதுதான் 1947 ஜூலையில் சென்னையில் தோன்றிய 'அம்புலிமாமா'. கோபாலபுரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் பைண்டு செய்து வைத்துள்ள அதன் பழைய இதழ்களைப் புரட்டுகையில் எழுந்த சிந்தனைகளே இக்கட்டுரை.

அவ்விதழில் விக்கிரமாதித்தனுக்கும் வேதாளத்திற்கும் நம் மனத்தில் நிலைத்த உருவத்தைத் தந்தவர், சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் (1924–2020). கையிலே வாள், தோளிலே பிணம், சுற்றிலும் சுடுகாடு. அரசன் வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். பேசக் கூடாத ஒருவனை வரையும்போது அவனது முகமும் நடையுமே பேசவேண்டும் அன்றோ? சங்கரின் அரசன் அஞ்சவில்லை, அலுக்கவுமில்லை. கதைகள் மாறினும் அவன் உறுதி மாறவில்லை.

இத்திறன் வெறுங்கற்பனையால் வந்ததன்று. 1850-இல் நிறுவப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர் அவர். அப்போது அதன் தலைவராக இருந்தவர், மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அச்சிலையில் பாறையை நெம்பும் உடல்களின் முறுக்கை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். மனித உடல் பாரத்தைத் தாங்கும் விதம் அறிந்த கையே பிணம் சுமக்கும் அரசனை நம்பும்படி வரைய முடியும். உண்மையை நன்கு கற்றவனுக்கே பொய்யுலகமும் வசப்படும் என்பது என் துணிபு.

இலண்டனில் 1905-ஆம் ஆண்டிலேயே ஆர்தர் ராக்காம் தீட்டிய கதைப்படங்கள் ஓவியக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. நாமோ இதழில் வரும் படத்தைக் கதைக்குத் துணை என்று மட்டுமே கருதிவிடுகிறோம். சங்கருக்குப் பத்மஸ்ரீ விருது 2021-இல், அவர் மறைந்த பின்னரே அறிவிக்கப்பட்டது.

அம்புலிமாமா இன்று வெளிவரவில்லை. பழைய இதழ்களோ எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணில் ஒரிரு இதழ்கள் கிடக்கலாம். அவற்றைக் கல்லூரி நூலகத்திற்குத் தாருங்கள். பேராசிரியப் பெருமக்கள் ஒப்பினால், நுண்கலை மன்றத்தின் சார்பில் அப்படங்களை ஒருநாள் சுவரில் மாட்டி வைப்போம். மடியில் வைத்துப் பார்த்த அரசனை, நின்று பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டட்டும்.