பஞ்ச காலத்து உணவுதவியின் பயனை அளவிடும் முறை

பஞ்சமோ வெள்ளமோ நேர்ந்த ஊருக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது, எத்தனை பேர் கஞ்சி உண்டனர் என்று கணக்கெழுதுவது எளிது. அக்கணக்கு வேண்டியதே. ஆயினும் அது செலவின் கணக்கேயன்றிப் பயனின் கணக்கன்று. உண்டவர் உயிர் பிழைத்ததோடு, மறுபடியும் தம் தொழிலில் நிலைபெற்றனரா என்பதே சங்க அங்கத்தினர்கள் ஆராயவேண்டிய விஷயமாகும். இதற்குத் தாது வருஷப் பஞ்சத்தைக் காட்டிலும் தகுந்த பாடம் கிடைப்பதரிது.

1876 ஆம் வருஷத்தில் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி 1878 வரையில் துன்புற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனரென மதிப்பிடுவர். உடல் வலியுள்ளவர்க்குக் கூலி வேலையும், முதியோர்க்கும் பிணியாளர்க்கும் கஞ்சித்தொட்டியும் ஏற்படுத்தப்பட்டன. சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அக்காலத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே.

1877 ஆம் வருஷத் தொடக்கத்தில் இந்திய சர்க்காரால் அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்கும் பொருட்டு, வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென விதித்தார். மாகாணத்துச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். மண் சுமப்பவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் படி ஒன்றேகால் ராத்தலாக உயர்த்தப்பட்டு, சிறிது பருப்பும் சேர்க்கப்பட்டது. டெம்பிள் பொக்கிஷத்தை நோக்கினார். கார்னிஷ் உண்பவனின் உடலை நோக்கினார். ஒரே உதவி ஒருவர் கணக்கில் சிக்கனமாகவும் மற்றவர் கணக்கில் பட்டினியாகவும் தோன்றியதற்குக் காரணம் இதுவே. கார்னிஷ் கொண்ட அளவுகோலே சரியானதென்பது எமது துணிபு.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். மெய்யாகவே வறுமையுற்றவரே தூரம் நடந்து வருவர் என்று கருதி, வேலைத்தலங்களை ஊர்களுக்குத் தொலைவிலே வைத்தனர். வீட்டை விட்டு நெடுந்தூரம் சென்று கூடாரத்தில் தங்கியவன் தன் மாட்டை யாரிடம் விட்டிருப்பான்? மழை பெய்தவுடன் எவ்வாறு ஏர் பூட்டுவான்? அவன் பெற்ற தானியம் பேரேட்டில் வரவாயிற்று. அவன் இழந்த உழவு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. 1877 ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் மழை வந்தபோது, மெலிந்திருந்த உடல்களைக் குளிர்காய்ச்சல் பற்றிக்கொண்டு பலரை மாய்த்தது. மழை வந்தது, பஞ்சம் தீர்ந்தது என்று கணக்கை முடித்திருந்தால் இச்சாவுகள் கணக்கிற்குப் புறம்பாகவே நின்றிருக்கும்.

அவ்வாண்டிலே லண்டன் மேயர் திரட்டிய மான்ஷன் ஹௌஸ் நிதி, இக்குறையை ஓரளவு உணர்ந்து, குடியானவர்க்கு விதையும் உழவு மாடும் வாங்கவும், இடிந்த குடிசையைச் செப்பனிடவும் பொருளுதவியது. 1897 ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் திரட்டப்பட்ட தரும நிதியோ, எல்லாம் இழந்தவரை மீண்டும் பழைய நிலையில் நிறுத்துதலைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதிவைத்தது. இதற்கிடையில், 1880 ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனை அடுத்து, விதைக்கும் மாட்டுக்கும் தக்காவிக் கடன் வழங்கும் 1884 ஆம் வருஷத்துச் சட்டமும் பிறந்தது. ஆனால் அக்கடன் நிலத்தை ஈடு காட்டத்தக்கவர்க்கே எளிதிற் கிட்டியது. நிலமற்ற கூலியாளுக்கு ஏர்மாட்டினால் ஆவதென்ன? அறுவடைக் கூலி கைக்கு வரும்வரையில் அவனுக்கு உணவே வேண்டும். ஆகவே இவ்விருவரையும் ஒரே கோலால் அளத்தல் தகாது.

இவ்வாராய்ச்சிக்கு ஐக்கிய நாணய சங்கம் மிகவும் ஏற்றது. வெளியூரிலிருந்து வரும் அதிகாரி உண்டவர் தலைகளை எண்ணலாம். எந்த வீட்டில் எத்தனை மாடு நின்றது, யாருக்கு யாரிடம் எவ்வளவு கடன் என்பதை ஊராரே அறிவர். நற்காலத்திலேயே பஞ்சாயத்தார் குடும்பந்தோறும் மாடு, விதை, கடன், அடகு ஆகியவற்றைக் குறித்து வைப்பாராக. நகையை அடகு வைப்பதோடு நின்ற குடும்பம் மீளுதல் எளிது. வெண்கலப் பாத்திரத்தை விற்றபின் துன்பம் மிகுதி. ஏர்மாட்டையும் விற்றுவிட்டால், அடுத்த மழை அக்குடும்பத்திற்கு மழையாகாது. உதவி வந்தபின் அதே வீடுகளை மீண்டும் விசாரித்து, உணவு வந்துசேர்ந்த நாளையும் மாடு விற்ற நாளையும் பக்கத்தில் பக்கமாக எழுதினால், உதவி உரிய காலத்தில் வந்ததா என்பது ஒரே பார்வையில் விளங்கும். அறுவடைச் சமயத்தில் இலவசத் தானியம் வந்திறங்கி, அண்டை வயலில் விளைந்ததன் விலையைக் கெடுத்ததா என்பதையும் அப்போதே விசாரிக்கலாம்.

இக்குறிப்பை மழை தொடங்கிய மாதத்தில் ஒரு முறையும், முதல் அறுவடை முடிந்தபின் மறுமுறையும் எழுதவேண்டும். இரண்டாவது குறிப்பைப் பெரும்பாலோர் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். அங்கத்தினரல்லாத கூலிக் குடும்பங்களையும், ஊரைவிட்டுப் போய்த் திரும்பாதவர்களையும் அதில் விடாது சேர்த்தல் வேண்டும்.